ஜூலியன் எடல்மன் தோற்றுப்போன குவார்ட்டர்பேக் அல்ல

ஜூலியன் எடல்மன், என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீகில் பேட்ரியட்ஸ் அணிக்கு ஆடியவர். அந்த ஆட்டத்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக்; எறிந்ததைப் பிடிப்பவர் ரிசீவர். புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 'என்எஃப்எல் டிராஃப்டில் எடல்மனை எந்த அணியும் எடுக்கவில்லை. பேட்ரியட்ஸில் டாம் பிராடிக்கு மாற்று குவார்ட்டர்பேக்காக இருந்து சோபிக்காததால்தான் ரிசீவராக்கப்பட்டார்' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2009 டிராஃப்டில் ஏழாவது சுற்றில், 232ஆவது ஆளாகப் பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. கடைசிச் சுற்றுதான், ஆனாலும் எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்காக அவர் ஆடியது கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அங்கேயும் சோடை போகவில்லை. 2008 சீசனில் பந்தோடு ஓடியே 1,300 யார்டுக்கு மேல் எடுத்தார். உயரம் ஆறடிக்கும் குறைவு என்பதால் தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடம் கிடைப்பது கடினம். பேட்ரியட்ஸ் அவரை முதல் நாளிலிருந்தே ரிசீவராகத்தான் பழக்கியது. முதல் சீசனிலேயே 37 பந்துகளைப் பிடித்தார். 2011இல் ஆள் பற்றாக்குறை வந்தபோது எதிரணியைத் தடுக்கும் தடுப்பாட்டத்திலும் ஆடினார். 2013இல் 105 கேட்ச். இதையெல்லாம் 'தோல்வி' என்று எழுத எப்படி மனம் வருகிறதோ!

சரி, பழைய வேலை மறந்துபோனதா? 2015 ஜனவரி, பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டம். பிராடி பக்கவாட்டில் பின்னோக்கி எறிந்த பந்தை எடல்மன் வாங்கினார். ஓடப்போகிறார் என்று எதிரணி பாய்ந்து வர, அவர் நின்று நீளமாக எறிந்தார். சக வீரர் டேனி அமெண்டோலா பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி 51 யார்டு டச்டவுன். ஸ்கோர் 28-28 ஆனது. ஆட்டத்தைப் பேட்ரியட்ஸ் 35-31 என்று வென்றது. என்எஃப்எல்லில் எடல்மன் எறிந்த முதல் பாஸ் அதுதான். என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 2019இல் ஆட்டநாயகன் விருது வாங்கியது 141 யார்டு எடுத்த ரிசீவராக.