தெருவிளக்குக்கு மட்டும்தானா எங்கள் கருத்து?

"மக்கள் பங்கேற்புடன் தேச வளர்ச்சி" என்று யார் மேடையில் பேசினாலும் எனக்கு உடனே ஒரு கேள்வி வந்துவிடும். எதில் பங்கேற்பு? சாக்கடை எந்தத் தெருவில் கட்டுவது என்பதிலா, மலையைக் குடையலாமா கூடாதா என்பதிலா? முதலாவதற்கு வருஷத்துக்கு 6 தடவை கூப்பிடுகிறார்கள். இரண்டாவதற்கு யாரும் கூப்பிடுவதில்லை, நாமாகப் போய்த் தெருவில் உட்கார்ந்தால்தான் உண்டு.

கிராம சபையைத்தான் சொல்கிறேன். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்த 73-வது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது, அடுத்த வருஷமே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று இருந்த 4 கூட்டங்களோடு 2022-இல் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. ஏட்டில் பார்த்தால் இதைவிட அழகான ஏற்பாடு இந்தியாவில் இல்லை. எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. இங்கேதான் வாக்காளர் எல்லாருமே உறுப்பினர்.

எங்கள் ஊர்க் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கூட்டப் பொருள் மேலிருந்து அச்சாகி வந்துவிடும். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, இன்னும் நாலைந்து. செயலர் ஒரே மூச்சில் வாசிப்பார். 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமார்களை மொத்தமாகக் கூட்டி வந்து உட்கார வைத்திருப்பார்கள். தீர்மான நோட்டு கைமாறிக்கொண்டே வரும். பல சமயம் தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெறுமையாக இருக்கும், கையெழுத்துப் பக்கம் மட்டும் நிறைந்திருக்கும். "என்னண்ணே, ஒண்ணும் எழுதாம கையெழுத்து வாங்குறீங்க?" என்று கேட்டால், "அப்புறம் எழுதிக்கலாம் தம்பி, வெயில் ஏறுதுல்ல" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பது அன்று சாயங்காலத்துக்குள் போட்டோவும் வருகை எண்ணிக்கையும்தான்.

சரி, ஊரே கூடி உட்கார்ந்து உண்மையாகவே ஒரு திட்டம் போட்டாலும் பணம் எங்கே? 2018 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் கிராமங்களே தங்கள் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு இயக்கம் நடத்துகிறது. ஆனால் மத்திய வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்கூட்டியே கட்டிவைத்த பணம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே செலவு செய்வது என்று டெல்லியில் முடிவு செய்துவிட்டு, எதற்குச் செலவு செய்யலாம் சொல்லுங்கள் என்று எங்களைக் கேட்பது என்ன கணக்கு? 1996-இல் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது அங்கே முதலில் செய்தது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்ததுதான். பணம் வருகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் வந்து பேசினார்கள். பின்னாளில் அங்கேயும் கூட்டம் குறைந்தது, அது வேறு கதை.

இதெல்லாம்கூட சின்ன விஷயம். என் ஆதங்கம் பெரிய விஷயங்களில்தான்.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, பாண்டியர் குடைவரை எல்லாம் உள்ள மலை. 2022-இல் மாநில அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். அதையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேரை டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டு, 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது என்று மத்திய அரசு அறிவித்தது. ஏலம் முடிந்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்களுக்கே விஷயம் தெரியும். அந்த மாதக் கிராம சபைகளில் மேலூர் சுற்றுவட்டார ஊர்கள் வரிசையாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. "கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் வலிமை பாரீர்" என்று அன்றைக்குச் சமூக ஊடகங்களில் எத்தனை பதிவுகள்!

அதே வலிமை காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தின் தீர்மானத்துக்கு ஏன் இல்லை? பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 முதல் அந்த ஊர்க் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டு வருகிறது. நோட்டில் எழுதியிருக்கிறார்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள், முறைப்படி எல்லாம் சரி. நில எடுப்பு நிற்கவில்லை, 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. விமான நிலையம் தேவையா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சென்னைக்கு இன்னொன்று வேண்டும் என்பவர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் மத்திய அரசின் திட்டத்தை எதிர்த்தால் மக்கள் குரல், மாநில அரசின் திட்டத்தை எதிர்த்தால் வளர்ச்சிக்குத் தடை. இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் கூடிய சபைகள்தானே?

மேலூரிலிருந்து டெல்லி என்ன பாடம் படித்தது தெரியுமா? 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. அணு கனிமங்கள், முக்கியக் கனிமங்கள், உத்திசார் கனிமங்கள் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றும் பெரிய ஆயுதம் இல்லை. கலெக்டர் உட்கார்ந்திருப்பார், நாம் பேசியதைப் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான். "வேண்டாம்" என்று ஊரே சொன்னாலும் அதனால் மட்டும் திட்டம் நிற்காது. அந்தச் சம்பிரதாயத்தைக்கூட வைத்திருக்க முடியவில்லை. இதை வாபஸ் வாங்கச் சொல்லி மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. பரந்தூருக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றியது.

"ஒவ்வொரு ஊரும் வேண்டாம் என்றால் நாட்டில் ஒரு ரோடு போட முடியுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றிக் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்றது. 12 கிராமங்களிலும் கூடினார்கள், பெரும்பாலும் டோங்ரியா கோந்த் பழங்குடிகள். 12-உம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. வன உரிமைச் சட்டம் அவர்கள் கையில் இருந்ததால் அது நடந்தது. அதனால் இந்தியாவின் வளர்ச்சி நின்றுபோய்விட்டதா என்ன? நம் ஊர் வயலுக்கும் ஏரிக்கும் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இல்லை.

போதாக்குறைக்கு, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016-இல் முடிந்ததற்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது ஒரு கட்சி ஆட்சி, 2025-இல் இன்னொரு கட்சி ஆட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை!

வீட்டோ அதிகாரம் எல்லாம் நான் கேட்கவில்லை. ஒரு கிராம சபை தீர்மானம் போட்டால், ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று 60 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும், அந்தப் பதிலை அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நிலம் எடுக்கும் எந்தத் திட்டமும் டெண்டருக்கோ ஏலத்துக்கோ போகும் முன் சபைக்கு வர வேண்டும், திட்ட அறிக்கை முழுசாகத் தமிழில். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, மாநிலச் சட்டத்தில் இரண்டு பிரிவு சேர்த்தால் போதும். ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒருவர், "தெருவிளக்கு ஏதாச்சும் எரியலையாண்ணே?" என்று திருப்பிக் கேட்டார்.