அந்தக் கயிறு டப்பாவிலிருந்து வந்தது

குடலைச் சுத்தம் செய்யும் ஜூஸ் என்று சுற்றுகிற பதிவின் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கையுறை போட்ட கை, அதில் முழ நீளத்துக்குக் கறுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு கயிறு. "ஏழே நாள் ஜூஸ், பதினைந்து வருடக் கழிவு வெளியே!" கீழே நாலு வரி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது காணோம். பதிலுக்கு, சிலருக்கு வயிற்றெரிச்சல் என்று தனிப்பதிவு. வயிற்றைப் பற்றிய பேச்சில் பொருத்தமான வார்த்தைதான்.

அழித்த நாலு வரியை இங்கே நாற்பதாக எழுதுகிறேன்.

அந்தக் கயிறு, ஜூஸில் கலந்து குடிக்கச் சொன்ன பொடிதான். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது: இசப்கோல் உமி, பெண்டோனைட் களிமண். ஒரு ஸ்பூன் இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கழித்து டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். ஊற்றாது, கொழகொழவென்று மொத்தமாக நகரும். அதோடு களிமண்ணும் சேர்ந்து, பெருங்குடலில் நீர் வற்றி இறங்கினால் குடலின் அச்சிலேயே கயிறாக வரும். பதினைந்து வருடம் ஒட்டிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை, குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருகிறவை. கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுச் சோதனை, செய்கிறவர்கள் தினமும் உள்ளே பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத கயிறு, டப்பா வாங்கியவர்கள் கண்ணில் மட்டும் படுகிறது.

ஜூஸுக்கு வருவோம். பழத்தைத் தின்னுங்கள், குடிக்காதீர்கள். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து உண்டு. வடிகட்டிய ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸில் அரை கிராம் தேறினாலே அதிகம். மிச்சம் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. எதற்காகப் பழம் சாப்பிடச் சொல்கிறார்களோ அதைக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து, அதற்குப் பெயர் சுத்திகரிப்பு!

1977இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. சர்க்கரை அளவு ஒன்றாக வரும்படி ஆப்பிளை முழுசாக, கூழாக, ஜூஸாக 10 பேருக்குக் கொடுத்தார்கள். முழுசாகத் தின்ன சுமார் 17 நிமிடம், கூழுக்கு 6, ஜூஸுக்கு ஒன்றரை. வயிறு நிறைந்த உணர்வும் அதே வரிசைதான். ஜூஸ் குடித்த பிறகு இன்சுலின் கூடுதலாக ஏறியது, ரத்தச் சர்க்கரை சற்று நேரத்தில் தொடங்கிய இடத்துக்கும் கீழே போனது.

நாரைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. முடியாததால்தான் அது பெருங்குடல்வரை போய்ச் சேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஏழு நாள் ஜூஸ் என்றால் ஏழு நாள் அவற்றுக்குப் பட்டினி.

"ஆனால் வயிறு லேசாக இருந்ததே?" உள்ளே ஒன்றும் போகவில்லை, லேசாகத்தான் இருக்கும். பொடியில் பேதியாக்கும் நிலாவாரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"நார் சாப்பிட்டுப் பார்த்தேன், வயிறு உப்பிவிட்டது." இது நியாயமான புகார். உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது. 10 கிராமில் இருந்தவர் ஒரே நாளில் 35க்குத் தாவினால் உப்பத்தான் செய்யும். வாரத்துக்கு 5 கிராம் போல ஏற்றுங்கள். முதல் வாரம், குடித்த ஜூஸுக்குப் பதில் தோலோடு ஒரு பழம். அடுத்த வாரம் அரைக் கப் வேகவைத்த கொண்டைக்கடலை, அதிலேயே 6 கிராம் வந்துவிடும். கடலையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் ஊறிய நீரில் ஓரளவு கரைந்து போகும். ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள், முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே வரும். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மலச்சிக்கலுக்குச் சாப்பிட்டதே மலச்சிக்கலாகும்.

"இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது" என்கிறவர்களுக்கு: சிவப்பு ராஜ்மாவும் இயற்கைதான். அரைவேக்காட்டில் நாலைந்து விதை போதும், சில மணி நேரத்தில் வாந்தி. தளதளவெனக் கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் கொதித்தால்தான் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியும். மெதுவாகச் சூடேற்றும் குக்கரில் நேரே போட்டால் அந்தச் சூடு எட்டாமல் போகலாம்.

ஐபிஎஸ் (IBS) என்ற எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு ஆப்பிள், வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மறுக்கவில்லை. உணவியல் நிபுணரின் உதவியோடு சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயால் குடல் சுருங்கியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டவே கூடாது. ஜூஸ் விற்கிறவர் இதையெல்லாம் கேட்டாரா? எல்லோருக்கும் அதே டப்பா.

"மருந்துக் கம்பெனிகளிடம் எவ்வளவு வாங்கினாய்?" பழத்தைக் கடித்துத் தின்னச் சொல்வதற்கு எந்த மருந்துக் கம்பெனியப்பா காசு தரும்? கிண்டல், ஏச்சு எல்லாம் பழகிவிட்டது. உறுத்துவது வேறு. அதே பதிவின் கீழே ஒரு பெண் கேட்டிருந்தார்: "மூன்றாம் நாள் மலத்தில் ரத்தம் வந்தது, நிறுத்தட்டுமா?" கிடைத்த பதில்: "நச்சு வெளியேறுகிறது சிஸ்டர், தொடருங்கள்." என் நாலு வரியை அழிக்கத் தெரிந்தவர்களுக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை. இதயக் குறிகளோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

ரத்தத்துக்கு நச்சு என்று பெயர் வைக்காதீர்கள். மூலமாக இருக்கலாம், ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. காரணமில்லாமல் எடை குறைவதும், வாரக்கணக்கில் மலம் போகும் பழக்கம் மாறியிருப்பதும் அப்படித்தான்.

நிறுத்தட்டுமா என்று கேட்ட அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால், பொடியை இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள், பின்பக்கத்தை அவர் படிக்கட்டும்.