முற்பணத்தை வாங்கிக்கொண்டு பிறகா சொல்வது, ஓமம் கூடாதென்று?

கலியாணத்துக்கு மாளிகையை வாடகைக்கு விடுபவர்களே, ஓமம் வளர்க்க விடமாட்டீர்கள் என்றால் அதை வீட்டைச் சுற்றிக் காட்டும் அன்றைக்கே சொல்லுங்கள். முற்பணம் உங்கள் கணக்கில் ஏறி, ஐயர் முகூர்த்தம் குறித்துத் தந்து, அழைப்பிதழ் அச்சாகி, யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மம்மாவுக்கு விசாவும் எடுத்த பிறகு, ஒரு மின்னஞ்சலின் அடியில் சொருகி அனுப்பாதீர்கள். என் தங்கையின் கலியாணத்துக்கு நாங்கள் பிடித்த கன்ட்ரி ஹவுஸ் அதைத்தான் செய்தது. அந்த மாளிகையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் ஒழுங்கானவை என்று ஆகிவிடும். சறே, கென்ட், ஹார்ட்ஃபட்ஷயர் என்று லண்டனைச் சுற்றியுள்ள மாளிகைகளில் கலியாணம் செய்த எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கலியாணம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முதல் படிவத்திலேயே இந்துக் கலியாணம் என்று எழுதியிருந்தோம். ஒருங்கிணைப்பாளர் எங்களைப் படிக்கட்டு, நூலக அறை, ரோஜாத் தோட்டம் என்று கூட்டிக்கொண்டுபோய், ஆசியக் கலியாணங்கள் தங்களுக்கு நல்ல பழக்கம் என்று வாய் ஓயாமல் சொன்னார். மணவறை போட்ட படங்களைக்கூடக் காட்டினார். அம்மா அவரிடம் ஓமம், நாதஸ்வரம், தவில் எல்லாம் இருக்கும் என்று நேரே சொன்னார். பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பணம் கட்டினோம். அதன்பிறகு வந்தது 'நிகழ்வு விதிகள்' என்று ஒரு தனிக் கோப்பு. திறந்த நெருப்புக்கு இடமில்லை. தேங்காய் உடைக்கக்கூடாது. மஞ்சள் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. அரிசி தூவக்கூடாது. அறுகரிசி போடாமல் பெரியவர்கள் எப்படி வாழ்த்துவார்கள்? குத்துவிளக்கில் பட்டரித் திரி வைக்கலாம் என்று ஒரு யோசனையும் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

நெருப்புப் பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மரத்தளம், பட்டுத் திரை, இருநூறு வருடத்துக் கூரைமரம். பற்றிக்கொண்டால் மிச்சம் இருக்காது. சறேயில் இருக்கும் கிளாண்டன் பார்க் மாளிகை 2015 ஏப்ரலில் எரிந்தபோது பெரும்பாலும் வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. ஆனால் அது எதனால் எரிந்தது? நிலவறையில் இருந்த மின்பலகையின் கோளாறால். 1989இல் சசெக்ஸில் அப்பார்க் மாளிகை எரிந்தது கூரை ஈயத்தகட்டில் வேலை செய்தவர்களின் சூட்டுக்கருவியால். 1992இல் வின்ட்சர் கோட்டையில் திரைச்சீலையைப் பற்றவைத்தது ஒரு மின்விளக்கு. அதற்காக யாரும் மாளிகைகளில் மின்சாரத்தைத் தடை செய்யவில்லை. பாதுகாப்பைக் கூட்டினார்கள். ஓமத்துக்கும் அதைச் செய்யலாமே! இரும்புக் குண்டம், அடியில் மணல் தட்டு, பக்கத்தில் தீயணைப்புப் போர்வையோடு ஒரு ஆள், அந்த அறையின் புகை உணர்கருவியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து தருகிற இடங்கள் இங்கிலாந்தில் இருக்கின்றன, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினாலும். 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புச் சட்டம் பொறுப்பாளரை ஆபத்தை மதிப்பிடச் சொல்கிறது. ஓமத்தைத் தடை செய் என்று அதில் எங்கும் இல்லை.

எங்களுக்கு மறுத்த அதே மண்டபத்தில் ஒரு பெரிய கணப்பு இருக்கிறது. அதில் விறகு எரிய, பக்கத்தில் மணமக்கள் நிற்கும் படம் அவர்களுடைய விளம்பரப் புத்தகத்திலேயே வந்திருக்கிறது. விறகு எரியலாம், நெய் எரியக்கூடாதா? கேட்டேன். காப்புறுதி நிறுவனம் விடாது என்றார்கள். சரி, இருக்கட்டும். காப்புறுதிப் பத்திரம் நேற்றா எழுதினீர்கள்? நாங்கள் பார்க்க வந்த அன்றைக்கும் அதே பத்திரம்தானே அலுமாரியில் இருந்தது?

ஓமத்தை வெளியே புல்தரையில் வைக்கலாம் என்று பிறகு இறங்கி வந்தார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அக்கினி சாட்சியாகத் தாலி கட்டுவதென்பது கலியாணத்தின் நடு. அதை ஒரு பக்கத்திலும் மணவறையை இன்னொரு பக்கத்திலும் வைக்க முடியாது என்று எத்தனை தரம் விளக்குவது!

அடுத்தது மேளம். மண்டபத்துச் சுவரில் சவுண்ட் லிமிட்டர் என்று ஒரு பெட்டி. சத்தம் குறித்த அளவைத் தாண்டிக் கொஞ்ச விநாடி நின்றால் மேடைப் பக்கத்து மின்சாரத்தையே வெட்டிவிடும். டிஜேக்காக வைத்தது. தவிலுக்கு மின்சாரம் வேண்டாம், அது பாட்டுக்கு முழங்கும். வெட்டுப்படுவது ஐயரின் மைக்கும், மணவறை விளக்கும், வீடியோக்காரரின் வெளிச்சமும். அதாவது கெட்டிமேளம் தொடங்கித் தாலி கழுத்தில் ஏறும் அந்தக் கணத்தில் மணவறை இருண்டுபோகும். மேளத்தை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள் என்கிறார்கள். கெட்டிமேளத்தை அடக்கி வாசியுங்கள் என்று நான் எந்த வித்துவானிடம் போய்ச் சொல்வேன்? ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்குக் காலை 8 மணிமுதல் இரவு 11 மணிவரை உரிமம் தேவையில்லை என்று 2012இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் உரிமம் இங்கே தடையில்லை. உள்ளூராட்சி கட்டட அனுமதியோடு போட்ட நிபந்தனையாக இருக்கலாம், அயலவர் முறைப்பாடாக இருக்கலாம், மாளிகையின் சொந்த விதியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அதுவும் முன்பே தெரிந்த ஒன்று. அம்மா தவில் என்று சொன்னபோது அந்தப் பெட்டி அவருடைய தலைக்கு மேலேயே இருந்தது.

எதைக் கேட்டாலும், இது சட்டம் பாதுகாக்கும் வரலாற்றுப் பட்டியலில் உள்ள கட்டடம் என்ற பதில் வேறு. பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்தால் குற்றம், உண்மை. எங்கள் மணவறை தன் காலில் நிற்பது. ஒரு ஆணிகூட அடிக்கத் தேவையில்லை. மஞ்சளையும் மேளத்தையும் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. கம்பளம் பாழாகும் என்று பயமென்றால் அதை நேராகச் சொல்லட்டும், நாங்கள் மேலே விரிப்புப் போட்டுக்கொள்கிறோம். சட்டத்தின் பெயரைச் சொல்லி எங்கள் வாயை அடைக்க வேண்டாம்.

நேரத்திலும் இதே கூத்துத்தான். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. மாளிகை கதவு திறப்பது ஒன்பதுக்கு. மணவறை கட்டவே மூன்று நான்கு மணித்தியாலம் பிடிக்கும். முதல்நாள் மாலையே திறந்துவிடச் சொன்னால் இன்னொரு முழுநாள் வாடகை. சாப்பாடு அவர்களுடைய பட்டியலில் உள்ள கேட்டரிங்காரரிடமே எடுக்கவேண்டும். அந்தப் பட்டியலில் தமிழர் ஒருவரும் இல்லை. வெளியாளைக் கொண்டுவந்தால் அதற்கொரு கட்டணம். சைவச் சாப்பாட்டுக்குத் தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் வேண்டும் என்றால் விளங்காதது போல் பார்க்கிறார்கள். மண்டபம் கொள்வது 140 பேர். எங்களுக்குச் சொந்தபந்தமே 350. மிச்சப் பேருக்குப் புல்தரையில் கூடாரம், அதற்குத் தளம், ஜெனரேட்டர், கழிப்பறை வண்டி, ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கட்டாயம் கட்டவேண்டிய கட்டணங்களை முதல் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்டவேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறி, 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்குத் தந்த முதல் விலைத்தாளில் கூடாரம் என்ற சொல்லே இல்லை.

இதற்குள் எழுத்து, அதாவது சட்டப்படியான கலியாணப் பதிவு, வேறு. இங்கிலாந்தில் மாளிகை, ஹோட்டல் போன்ற இடங்களில் கலியாணப் பதிவு நடத்தலாம் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இந்த வியாபாரமே பெருகியது. ஆனால் அங்கே நடக்கும் பதிவில் சமயச் சடங்கு எதுவும் கலக்கக்கூடாது. அதனால் அதே வீட்டில் ஐயர் மந்திரம் சொல்லித் தாலி கட்டினால் அது சட்டத்துக்குக் கலியாணம் இல்லை. பதிவாளரை வேறாகக் கூப்பிட்டு, வேறாக நின்று கையெழுத்து வைக்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சட்டம் நடத்தி வைப்பவரைப் பார்க்கிறது, கட்டடத்தைப் பார்ப்பதில்லை. இங்கேயும் அப்படி மாற்றவேண்டும் என்று சட்ட ஆணைக்குழு 2022 ஜூலையில் தெளிவாக எழுதிக் கொடுத்தது. இதற்கு மாளிகைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆசியக் கலியாணம் பழக்கம் என்றவர்கள் இதையாவது முதலில் சொல்லியிருக்கலாம்.

இந்த மாளிகைகள் விற்பது வரலாற்றை. அந்த வரலாற்றில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னராக இருந்த ரொபர்ட் பால்க் ஊர் திரும்பி டெவனில் ஹால்டன் மாளிகையை வாங்கினார். தன் நண்பரான கிழக்கிந்தியக் கம்பனிப் படைத்தளபதி ஸ்ட்ரிங்கர் லோரன்ஸின் நினைவாக 1788இல் அங்கே அவர் கட்டிய முக்கோணக் கோபுரத்தில் இன்றைக்குக் கலியாணங்கள் நடக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே கிடக்கிற பாக்குநீரிணை அந்த பால்க்கின் பெயரில்தான் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் தொடர்பு உண்டு என்று, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பே 2020இல் அறிக்கை வெளியிட்டது. எங்கள் கரைகளிலிருந்து போன பணம் ஏறிய வீடுகள் இந்த நாட்டில் உண்டு. அப்படியான நாட்டில் ஒரு தமிழ்ப் பெண் கூறை உடுத்திக் குண்டத்தின் முன் உட்கார அனுமதி கேட்டு நிற்பது எனக்கு வலிக்கிறது. ஆம், கோபமும் வருகிறது.

கலியாண வருமானம் இல்லாவிட்டால் இந்த வீடுகள் பல இடிந்து போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வாரிசு வரியாலும் பராமரிப்புச் செலவாலும் போன நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. இருப்பவற்றைக் காப்பாற்றட்டும், அதற்குப் பணம் கொடுக்க நாங்கள் தயாராகத்தான் வந்தோம். லண்டன் ஹாரோவில் ஒரு ஹோல் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை என்று மாமா சொல்கிறார். ஏன் அப்படிச் சொல்லவேண்டும்? என் தங்கை இந்த நாட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இப்படியான வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு வளர்ந்தவள். வடிவான இடத்தில் கலியாணம் செய்ய விரும்புவதில் என்ன தவறு? இந்த அலைக்கழிப்பின் நடுவில் அவள் என்னிடம், "அக்கா, ஓமம் இல்லாமலே செய்வமா?" என்று கேட்டாள். அம்மாவுக்குக் கேட்காமல், மெல்லிய குரலில் கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வியை வரவழைத்ததற்காக அந்த மாளிகைக்காரரை நான் மன்னிக்கமாட்டேன்.

கலியாணத்துக்கு மாளிகை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு: வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். ஓமம் எந்த அறையில், எவ்வளவு நேரம். புகை உணர்கருவியை நிறுத்துவது யார். லிமிட்டர் எந்த அளவில் வெட்டும். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும். வெளிச் சமையலுக்கு எவ்வளவு. கூடாரத்தோடு மொத்தம் எவ்வளவு. இத்தனைக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். விதிகள் கோப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டு, அதை வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

நாங்கள் அந்த மாளிகையை விட்டுவிட்டோம். தாலிகட்டு இப்போது ஒரு கோயில் மண்டபத்தில், ஓமத்தோடும் மேளத்தோடும். முற்பணத்தைத் திருப்பித் தரமுடியாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எழுதிவைத்துவிட்டதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. நியாயமற்ற நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஓமத்துக்குப் பிரச்சினை இல்லை என்று சொன்னதற்கு அம்மா, சித்தப்பா, நான் மூன்று பேரும் சாட்சி. சிறு கோரிக்கைகளுக்கான வழக்கு 10,000 பவுண்வரை போடலாம், எங்கள் தொகை அதற்குள் அடங்கும். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கடைசிக் கடிதத்துக்குக் கொடுத்த தவணை முடிந்த மறுநாள் போடுவேன்.