பொன்னாடைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், வள்ளிக்குப் 12 நிமிடம்

நாடக மேடையில் ஒரு பெண்ணைப் பாடவிடாமல் நிறுத்திய அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊர் பேர் வேண்டாம், காரைக்குடிப் பக்கம்தான். பொட்டலில் மேடை, வள்ளி திருமணம், நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில், அதாவது பாட்டிலேயே வாதாடும் கட்டத்தில், நிற்கிறார்கள். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஓரமாக வந்து மைக்கை வாங்கி, "போதும்மா, முருகனை வரச் சொல்லிக் கல்யாணத்தை முடிங்க" என்கிறார். பாட வாயெடுத்த பெண் அப்படியே நிற்கிறாள். ஆர்மோனியக்காரர் மட்டும் விரலை எடுக்காமல் அவள் தொடங்க வேண்டிய ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் வள்ளி. அதுவரை தோழி வேஷம் கட்டியவள்.

வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்தக் காலத்துல இதுல என்ன திறமை வளருது?" அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்படி ஊர்ப் பொட்டலில் போடும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) வேறு ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, சாயங்காலம் வந்து இறங்கி, அரிதாரம் பூசும்போதுதான் பல பேர் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஆக, கற்றுக்கொள்வதற்கு மேடையைத் தவிர வேறு இடமே இல்லை. மேடையில் கிடைக்கும் நேரம்தான் பயிற்சி. அந்த நேரத்தை வெட்டினால் அந்த ஆளின் வளர்ச்சியை வெட்டுகிறோம்.

தர்க்கத்தில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். நாரதர் ஒரு மெட்டில் கேள்வி போடுவார். வள்ளி அதே மெட்டில், அதே தாளத்தில், அதே சுருதியில் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி வசதி, அவருக்கு ஐந்துதான் என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். சுருதியை நினைத்தபடி மாற்றவும் முடியாது. மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத்தை) கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிக் கொஞ்சம் ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் வேறு மிருதங்கம் வேண்டும். இதில் பனி இறங்கிவிட்டால் தோல் தளர்ந்து சுருதி தானாகவே கீழே போகும். இத்தனைக்கும் நடுவில்தான் புதுசாக வருகிறவள் பாட வேண்டும்.

புதியவர்கள் தப்பு செய்யும் இடங்களும் அநேகமாக ஒன்றுதான். முதல் பாட்டிலேயே தொண்டையைச் செலவழித்துவிடுவார்கள். பாடும்போது நாரதரின் முகத்தைப் பார்க்கத் திரும்புவார்கள், குரல் மைக்கை விட்டு விலகிப் பாதி வரி காற்றில் போகும். பதற்றத்தில் எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, அரை இடம் முன்னால் எடுத்துவிடுவார்கள். அப்போது மிருதங்கக்காரர் வாசிப்பைக் குறைத்து, அடுத்த தாளச் சுற்றில் சமத்தை (சுற்றின் முதல் அடியை) பளிச்சென்று போட்டுக் காட்டுவார். வரி மறந்துவிட்டது என்று தெரிந்தால் ஆர்மோனியக்காரர் முதல் சங்கதியை இரண்டு தடவை வாசிப்பார், அதுவும் போதவில்லை என்றால் பின்பாட்டாகவே முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். அனுபவப்பட்ட நாரதர் என்றால் பதிலைத் தன் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துப் பாடுவார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சண்டை மாதிரித் தெரியும். மேடையில் நடப்பது பாடம்.

அந்தப் பாடத்துக்கு நேரம் வேண்டும். விடிய விடிய நடக்கிற நாடகத்தில் நாரதர் தர்க்கம் மட்டுமே ஒன்றரை மணி நேரம்கூட ஓடும். முதல் அரை மணி பயம் தெளியவே போய்விடும், அதற்குப் பிறகுதான் குரல் திறக்கும். நாம் 12 நிமிடத்தில் நிறுத்தினோம்.

சட்டம் தெரியாதா என்று கேட்கிறார்கள். தெரியும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு என்று வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். போலீஸ் வந்து கேட்டால் கமிட்டிதான் பதில் சொல்ல வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு 8 மணிக்குப் போட்ட மேடையில் 9.45 வரை என்ன நடந்தது? பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்கொடையாளர் பட்டியல், அந்தப் பட்டியலில் விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு பட்டியல். அப்போது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லையே! பபூனும் டான்ஸும் முடிய 11 மணி. தர்க்கம் தொடங்கும்போது 11.20. அந்தப் பெண் பாட நின்றபோதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. அதுதான் மனதை அறுக்கிறது.

பபூன்–டான்ஸ் பேச்சு பச்சையாக இருக்கிறது, குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்பது அடுத்த புகார். இருக்கிறதுதான். தேதி பேசும்போது "காமெடி கொஞ்சம் தூக்கலா இருக்கணும்ணே" என்று கேட்டு வாங்குவது யார்? அதை நாம் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள். இளைஞர்கள் பார்ப்பதில்லை என்கிறவர்கள் பொட்டலில் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

திறமை வளர்ந்த கணக்கு வேண்டுமா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் லயம் படித்தது இங்கே பக்கத்தில் புதுக்கோட்டையில், கஞ்சிரா வித்வான் மான்பூண்டியா பிள்ளையிடம். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடக சபையில்தான் நடிகர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். சினிமா நடிகர் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா சின்ன வயதில் பாடித் திரிந்ததும் பாய்ஸ் கம்பெனி (சிறுவர் நாடகக் குழு) மேடைகளில்தான். பாட்டுக்குப் பேர்போன கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒருவருக்கொருவர் ஈடு கொடுத்து நின்றது இதே ஸ்பெஷல் நாடகத்தில். நம் ஊர்க்காரர், ஏ.வி.எம். பட நிறுவனம் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பன், காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு எடுத்து, 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படம் முதலில் மேடை நாடகம். சினிமாவைக் கொண்டாடுகிறோம், ஸ்டூடியோ இருந்த இடத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அதற்கு ஆள் கொடுத்த மேடைக்கு 12 நிமிடம்!

இவர்கள் எல்லாரும் முதல் நாளே பெரிய ஆளாகவா வந்தார்கள்? யாரோ ஓர் ஊர் பொறுமையாக உட்கார்ந்து, தப்பும் தவறுமாகப் பாடியதையும் கேட்டிருக்கிறது. நம் தாத்தாக்களும் ஆயாக்களும் பாய் விரித்து விடியும் வரை உட்கார்ந்த ஊர்கள் இவை. ஒரு பிள்ளை தடுமாறினால் "பாடுத்தா, பயப்படாம பாடு" என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். இப்போது மைக்கில் "போதும்மா" என்று வருகிறது.

வீடியோ முடிவதற்குள் அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறாள். கல்யாணக் காட்சிக்குத் திரும்பி வந்தபோது சிரித்த முகமாகத்தான் வந்தாள். தொழில் அப்படி. ஆனால் பாடாமல் போன பதில் அவளுக்குள்ளேதான் இருக்கும். இனி அடுத்த தேதி எப்போது கிடைக்கும், கிடைத்தாலும் தோழிக்கா வள்ளிக்கா என்பது அவளுக்கே தெரியாது.

கமிட்டியில் இருக்கிறவர்கள் பலர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். பகை இல்லை அண்ணே. அடுத்த வருடம் நாடகத்தை 6.30-க்குத் தொடங்குங்கள். மிருதங்கம் சுருதி சேர்க்க அரை மணி முன்னதாக மேடையை விட்டுக்கொடுங்கள். பொன்னாடையை எல்லாம் வள்ளி கல்யாணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வள்ளி வேஷத்துக்கு அந்தப் பெண்ணையே கூப்பிடுங்கள்.