கடைசி ஆள் வரும் வரைக்கும் நில்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வடமராட்சி மணற்காட்டில் மெல்ல நடந்த நாலு பேரைப் பின்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் போனதை எங்கள் நடைக்குழுவில் இருக்கிற எல்லாரும் அறிவீர்கள். அதைத் திரும்ப முழுக்கச் சொல்லப் போவதில்லை. மணலில் நடந்ததை நான் அன்றிரவே மறந்திருப்பேன். அடுத்த நாள் காலையில் வாட்ஸ்அப்பில் வந்த அறிவித்தலைத்தான் மறக்க முடியவில்லை. வேகமாக நடக்க ஏலாதவர்கள் இனிமேல் பதிய வேண்டாமாம், மற்றவர்களின் நேரம் வீணாகிறதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்த விரல்களுக்குரிய பலர் அன்று விடிய நாங்கள் போன வானுக்குள், முழங்கால் ஏலாத எங்கள் வயதான ரீச்சர் கொண்டு வந்த பனங்காய்ப் பணியாரத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒன்றாகப் போனால் ஒன்றாகத்தான் வர வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும் வரைக்கும் நடை முடியவில்லை.

வல்லிபுரக் கோயிலடியில் இறங்கியபோது எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம். கடற்கரைப் பக்கம் திரும்பி மணல் மேடுகள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்னுக்குப் போனவர்கள் கண்ணில் இல்லை. மணற்காட்டு மணலைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு மேடு தாண்டினால் ஆள் தெரியாது, கூப்பிட்டால் சோளகக் காற்றில் சத்தம் போகாது. கால் தடத்தைப் பார்த்துப் போகலாம் என்றால் அதையும் காற்று மூடிக்கொண்டே இருந்தது. ரீச்சர், ஒரு தாய், அவவின் சின்ன மகள், நான். எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு தண்ணிப் போத்தல். நாங்கள் மணலுக்குள் புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் தேவாலயத்தை வந்து சேர்ந்தபோது குறூப் போட்டோ எடுத்து, அது முகநூலிலும் ஏறிவிட்டது. "எங்கள் குடும்பம்" என்று தலைப்பு வேறு. அந்தப் படத்தில் நாங்கள் நாலு பேரும் இல்லை.

"நாங்கள் இடையில நிண்டு பார்த்தனாங்கள்தானே அக்கா" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நின்றது உண்மை. எப்படி நின்றீர்கள்? சவுக்கு மர நிழலில் இருந்து, தண்ணி குடித்து, களைப்பாறி, தூரத்தில் எங்கள் தலை தெரிந்தவுடன் எழும்பி நடக்கத் தொடங்கினீர்கள். நல்லாக நடக்கிறவருக்கு இருபது நிமிட ஓய்வு, ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. ஒவ்வொரு தரிப்பிலும் இதே கதை. பிறகு அவர் இன்னும் பிந்துகிறார் என்று அவரிலேயே பிழை பிடிக்கிறீர்கள். நடைக்குழு நடத்துகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. கடைசி ஆள் வந்து, இருந்து, மூச்சு வாங்கி, தண்ணி குடித்த பிறகுதான் முன்னால் இருக்கிறவர் எழும்ப வேண்டும். பின்னால் வர என்று ஒரு பலமான ஆளை விட வேண்டும். மெல்ல நடக்கிறவரை முன்னுக்கு விட்டால் இன்னும் நல்லது. இதற்குக் காசு செலவில்லை.

நேரம் என்று சொல்கிறார்கள். வான்காரருக்கு மேலதிக மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தது, அது நியாயமான கவலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒழுங்கு செய்கிறவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் பல வேலைகளைச் செய்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் காசை எல்லாரிலும் பிரித்துக் கேளுங்கள், தருகிறோம். ரீச்சரிடம் கேட்டால் முழுவதையும் அவவே தந்திருப்பா.

வயது போனவர்கள் வீட்டு முற்றத்தில் நடக்கலாமே என்று எழுதியவருக்குப் பதில் இல்லை.

"உடம்புக்கு ஏலாதவையைக் கூட்டிக்கொண்டு போய் ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். நாங்கள் நடந்தது ஆவணியில். ஆவணியில்தான் சூரியன் தெற்கே இறங்குகிற வழியில் எங்களுக்கு நேர் உச்சியில் வருகிறது. மாரி தொடங்க ஐப்பசி ஆகும். கட்டாந்தரையில் நடக்கிறதைவிட இளகின மணலில் நடக்க உடம்புக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். வயது போகப் போகத் தாகம் தெரிகிறதும் குறையும். இப்படியான இடத்தில், இப்படியான வெயிலில், ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போனவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கதைக்கிறார்கள். ரீச்சருக்கு ஏதும் நடந்திருந்தால் அது அவவின் முழங்காலால் நடந்திருக்காது, பக்கத்தில் ஆள் இல்லாததால் நடந்திருக்கும். விடிய ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையில் பாதி இல்லை. வான் வெளிக்கிடப் பிந்தியது யாரால் என்று நான் எழுதப் போவதில்லை. ரீச்சரால் இல்லை.

இன்னொன்று. அதே மணலில், வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் புரட்டாதியில் எத்தனை ஆச்சிமார் நடந்து போகிறார்கள்? செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகப் போய், உகந்தையில் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமம் மட்டும் நடக்கிறவர்கள் எல்லாரும் இருபத்தைந்து வயதுப் பெடியளா? நரைத்த தலைகளும் அதில் நிறைய.  நடக்க ஏலாதவர் பதிய வேண்டாம் என்று வேலுக்கு முன்னால் நின்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் ஊருக்குச் சேர்ந்து நடக்கிறது புதிது இல்லை. யூடியூப்பில் மலையேறுகிறவர்களைப் பார்த்துப் படிக்க முதலே இங்கே சனம் நடந்தது.

"அது பக்தி, இது பொழுதுபோக்கு" என்பீர்கள். சரி, பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்வோம். ரீச்சருடைய இளவயது முழுக்க போரால் இந்தக் கரை போக முடியாத கரையாக இருந்தது. வழியை விட்டு விலகாதே, மண்ணில் கிடக்கிறது ஒன்றையும் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே படிப்பித்த தலைமுறை அது. இன்றைக்கும் முகமாலைப் பக்கம் மிதிவெடி அபாயப் பலகையைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இப்போதுதான் பயமில்லாமல் காலை வைக்கலாம். இப்போது பார்த்து வேகம் காணாது என்கிறோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் முன்னேற, வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஓர் அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று அதில் நின்றவர்களைக் கேளுங்கள். என் அம்மம்மாவுக்குக் கால் ஏலாது. ஒரு கட்டத்தில் "என்னை விட்டிட்டுப் போங்கோ பிள்ளையள்" என்று வீதியோரத்தில் இருந்துவிட்டா. முன்பின் தெரியாத ஒரு பெடியன் தன் சைக்கிள் கரியரில் இருந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் அம்மம்மாவை ஏற்றி, கைதடி மட்டும் உருட்டிக்கொண்டு வந்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று இன்று வரைக்கும் தெரியாது. அவனுக்கும் அவசரம் இருந்திருக்கும். எங்களுக்குப் பின்னால் செல் குண்டு விழுந்த சத்தம் அவனுக்கும் கேட்டது.

அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள் என்று யாரோ கட்டாயம் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் மணலில் இருந்துகொண்டு அதே வசனத்தைச் சொன்னா. "நீங்கள் போங்கோ பிள்ளை, நான் மெல்ல மெல்ல வாறன்." அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறெதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. போட்டோவுக்கு வெயில் நல்லாக இருக்கும் என்பதைவிட வேறென்ன அவசரம் உங்களுக்கு இருந்தது?

ரீச்சர் இன்றைக்குப் பகல் குறூப்பை விட்டு விலகிவிட்டா. ஒரு சொல் எழுதவில்லை. "Left" என்று மட்டும் காட்டுகிறது என்று தம்பியொருவர் எனக்குத் தனியாக அனுப்பினார், தான் கட்டைவிரல் போட்டதையும் எடுத்துவிட்டாராம். அவருக்கு நன்றி. மற்றவர்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். அறிவித்தலை அழியுங்கள். அட்மின் தம்பி, நீங்கள் ரீச்சருடைய வீட்டுக்கு ஒருக்கால் போய்வாருங்கள், போனில் கதைக்க வேண்டாம்.

அடுத்த நடை சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிக் கௌதாரிமுனைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் மணல்தான். என் பெயரையும், அவவிடம் கேட்டு ரீச்சருடைய பெயரையும் பதிந்திருக்கிறேன். பின்னால் வருகிற ஆளாக நானே வருகிறேன். எங்கள் பெயர்களை எடுப்பதென்றால் எடுங்கள், காரணத்தை மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழே எல்லாரும் பார்க்க எழுதிவிட்டு எடுங்கள்.