அழுவதற்கு முன்னால்

மகள் பிறந்த இரண்டாம் நாள் மாலை. பார்வையாளர் நேரத்தில்தான் என்னை வார்டுக்குள் விட்டார்கள். நான் போனபோது அவள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். மனைவிக்குத் தையல் வலி. மாமியார் மடியில் போட்டு ஆட்டிப் பார்க்கிறார், மார்பில் வைத்தால் பிடிக்கவே மாட்டேன் என்கிறாள். அங்கே வந்த நர்ஸ் அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவி அமைதிப்படுத்தினார். அப்புறம் எங்களிடம் சொன்னார்:

"அழுற வரைக்கும் காத்திருக்காதீங்க. அழுகைங்கிறது பசியோட கடைசி அடையாளம். அதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து திறந்து மூடுவா, தலையைத் திருப்பித் தேடுவா, கையை வாய்க்குக் கொண்டு போவா. அப்பவே எடுத்துப் பால் குடுத்துடணும். அழ ஆரம்பிச்சுட்டா முதல்ல சமாதானம் பண்ணணும், அதுக்கப்புறம்தான் குடிப்பா."

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று கேட்டு வளர்ந்தவன் நான். திருப்பூரில் பதினோரு வருடமாகக் குழந்தைத் துணி தைத்து விற்கிறேன். தொழிலையும் அந்தப் பழமொழியின்படிதான் நடத்தி வந்திருக்கிறேன் என்று அன்றைக்கு பஸ்ஸில் வீடு திரும்பும்போது உறைத்தது. போன் போட்டுக் கத்தும் கடைக்காரருக்கு மறுநாளே சரக்கு போகும். கோபப்படாதவருக்கு அடுத்த வாரம். சம்பளம் போதவில்லை என்று வாய்விட்டுக் கேட்கிறவருக்கு ஏற்றிக் கொடுப்பேன். பேசாமல் தைக்கிறவர் பேசாமலே நின்றுவிடுவார். நம்மில் பலரும் இப்படித்தான் தொழில் செய்கிறோம். இது தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். புகார் என்பதும் கடைசி அடையாளம்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு ஜப்லாவில், அதாவது கைக்குழந்தைச் சட்டையில். வீட்டுக்கு வந்த பிறகு மகளுக்கு எங்கள் யூனிட்டில் தைத்த ஜப்லாவையே ஆசையாகப் போடப் பார்த்தோம். நல்ல இன்டர்லாக் பின்னல் துணி. வட்டக் கழுத்து, அதில் இழுபடும் ரிப் பட்டை, தலைவழியாக மாட்டுவது. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு, கழுத்தும் நிற்காது. ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அந்தக் கழுத்தை விரித்து மாட்டுவதற்குள் அவள் முகம் சிவந்து மூச்சடக்கி அழுதாள். கீழே எலாஸ்டிக் வைத்த நிக்கர் சரியாக, இன்னும் விழாத தொப்புள் கொடியின் மேல் போய் உட்கார்ந்தது. கழுத்துக்குப் பின்னால் நைலான் லேபிள். மாமியார் மெதுவாகத்தான் சொன்னார்: "மாப்பிள்ளை, துணி நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா குழந்தையை அழ வெச்சுத்தானுங்க இதைப் போட முடியும்." பெட்டியிலிருந்து பழைய வேட்டித் துணியில் கையால் தைத்த, முன்பக்கம் திறந்து நாடாவால் முடிச்சுப் போடும் சட்டையை எடுத்தார். பத்து விநாடியில் போட்டு முடித்தார். அவள் தூக்கம்கூடக் கலையவில்லை.

பதினோரு வருடம், எத்தனை ஆயிரம் டஜன். ஒரு ஆள்கூட இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

ஆனால் அடையாளம் இருந்திருக்கிறது. கரூர்ப் பக்கம் ஒரு கடை, மாதம் இருபது டஜன் எடுத்துக்கொண்டிருந்தது பன்னிரண்டாகி, எட்டாகியிருந்தது. சீசன் மந்தம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது போன் போட்டுக் கேட்டேன். "ஆறு மாசத்துக்கு மேல உள்ள சைஸ் எல்லாம் நல்லாப் போகுதுங்க. பொறந்த குழந்தை சைஸ்தான் நிக்குது. பெரியவங்க கையில எடுத்து, கழுத்தை இழுத்துப் பார்த்துட்டு வெச்சிடறாங்க" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலீங்களே" என்கிறார். கழுத்தை இழுத்துப் பார்த்துவிட்டு வைப்பது. வாயைத் திறந்து மூடுவது போலத்தான் அதுவும். பார்க்க வேண்டிய நான் அங்கே இல்லை.

இப்போது சிறிய சைஸ் முழுவதையும் முன்பக்கத் திறப்பு, நாடா என்று மாற்றிவிட்டோம். லேபிளை எடுத்துவிட்டுத் துணியின் வெளிப்பக்கத்தில் அச்சிடுகிறோம். பீஸுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு, தையலும் அதிகம். பரவாயில்லை.

இன்னொன்று, எடை. பிறக்கும்போது மூன்று கிலோ. நான்காம் நாள் இரண்டு கிலோ எண்ணூறு. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு மெஷின் வாங்கித் தினமும் எடை போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று எண்ணுங்கள் என்றார். முதல் வாரத்துக்குப் பிறகு ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். கொடியில் காயும் லங்கோடுகளை எண்ணினாலே போதும்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் எங்கள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை லைக் என்று மணிக்கொரு தரம் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தேன். தினமும் எடை போடுகிற வேலைதான் அதுவும். என் தொழிலில் நனைந்த துணி எது என்று யோசித்தேன். ஒரு முறை வாங்கியவர் அடுத்த சைஸுக்கு மறுபடி வருகிறாரா என்பதுதான். குழந்தை மூன்று மாதத்தில் ஒரு சைஸ் தாண்டிவிடும். அப்போது வந்தால் நம் துணி அந்த வீட்டில் நன்றாக உழைத்திருக்கிறது. இப்போது நோட்டில் அதை மட்டும் எழுதி வருகிறேன். மனமும் அடங்கியிருக்கிறது.

விளம்பரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன் என்று உட்கார்ந்திருக்கும் தாயைப் போல எளிதில் பயப்படுகிறவர் உலகத்தில் இல்லை. மனைவியின் போனில் அந்த நேரத்தில் வந்த விளம்பரங்களைப் பார்த்தேன். குழந்தை தூங்கவில்லையா, எடை கூடவில்லையா, இந்தத் துணியில் என்ன ரசாயனம் தெரியுமா என்று ஒவ்வொன்றும் பயமுறுத்துகிறது. ஒரு விளம்பரம் எங்களுடையது. 'மற்ற துணிகள் உங்கள் குழந்தையின் தோலுக்கு ஆபத்து' என்று எழுதியது நான். அதைப் படித்துவிட்டு மனைவி, தன் அம்மா தைத்த சட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். அன்றே அந்த விளம்பரத்தை நிறுத்தினேன்.

நம் நாட்டில் 1992இலேயே குழந்தைகளுக்கான பால் மாவுக்குச் சட்டம் போட்டார்கள். 2003இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கூடாது, டின்னில் குழந்தை படமோ தாய் படமோ கூடாது. ஒரு காலத்தில் இதைத் தொழிலுக்குத் தடை என்று நினைத்தவன் நான். அந்த மூன்று மணியைப் பார்த்த பிறகு, துணி விற்கிற நாமும் சட்டம் சொல்லாமலே அந்த எல்லையில் நிற்க வேண்டும் என்கிறேன். பயந்தவரிடம் விற்றது வியாபாரமே இல்லை.

அப்புறம் யூனிட். எங்களிடம் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கிற ஒரு அக்கா இப்போது ஏழு மாதம். பேச்சுக் குறைந்திருந்தது, டீ நேரத்தில் தனியாக உட்காருவார். முன்பென்றால் கவனித்திருக்க மாட்டேன். இதற்கு முன் மூன்று பெண்கள் இப்படித்தான் வளைகாப்போடு நின்றுபோனார்கள். 'பிரசவம்னா நின்னுடுவாங்க' என்று நானும் விட்டுவிட்டேன். இந்த முறை நானே போய்க் கேட்டேன். அடுத்த மாதம் நின்றுவிடுவதாகத்தான் இருந்தார். தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மாதாமாதம் அவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறேன், என் பங்கு 3.25 கட்டுகிறேன். அந்தப் பணம் எதற்கென்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. இது என் தவறு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது இரண்டு அரையாண்டில், 70 நாளுக்குக் கட்டியிருந்தால் போதும், அவருக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை சட்டத்திலேயே உண்டு. ஐம்பது பேருக்குக் கீழ் உள்ள யூனிட்டுக்குக் குழந்தைக் காப்பகம் கட்டாயமில்லை. இருந்தாலும் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையிலிருந்து நூல் கோன் பெட்டிகளை எடுத்துவிட்டு, வெள்ளையடித்து, விட்டத்தில் ஒரு கொக்கி மாட்டியிருக்கிறேன். தூளி கட்டலாம்.

நேற்று மாலை அந்த அக்கா கொக்கியைக் கையால் இழுத்துப் பார்த்தார். "தாங்குமுங்களா?" என்று கேட்டார். நானும் இழுத்துக் காட்டினேன்.