கர்னலை முழுக்க சி மொழியிலேயே எழுதலாமா?

“இன்றைய கம்பைலர்கள் போதும், கர்னலில் ஒரு வரிகூட அசெம்பிளி வேண்டாம்” என்றொரு பதிவு மாணவர் குழுக்களில் சுற்றிவருகிறது. அது தவறு. (கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி; அசெம்பிளி என்பது ப்ராசஸரின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நேரடியாக எழுதும் மொழி.)

சி ஃபங்ஷன் ஓட ஸ்டாக் வேண்டும்; ஃபங்ஷனின் மாறிகளும் திரும்ப வேண்டிய முகவரியும் தங்கும் நினைவகப் பகுதி அது. கம்பைலர், ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் எஸ்பி ரெஜிஸ்டரில் சரியான முகவரி ஏற்கெனவே இருப்பதாக நம்பித்தான் கோடு எழுதுகிறது. அதை யாராவது முதலில் வைத்தாக வேண்டுமே!

எம்ஐடியின் பாட கர்னலான எக்ஸ்வி6-இன் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான வடிவத்தைத் திறந்து பாருங்கள். என்ட்ரி.எஸ் என்ற அசெம்பிளி கோப்பில் ஏழெட்டு கட்டளைகள்தான். ஓடுவது ப்ராசஸரின் எந்த கோர் என்று படித்து, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, ஒரு கோருக்கான ஸ்டாக்கின் பைட் அளவான 4096-ஆல் பெருக்கி, எல்லா கோர்களின் ஸ்டாக்குகளும் அடங்கிய ஸ்டாக்0 வரிசையின் தொடக்க முகவரியோடு சேர்க்கிறது. ஒன்றை ஏன் கூட்ட வேண்டும்? ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வது. எஸ்பி அந்தந்த கோரின் பங்கின் மேல் நுனியில் நிற்க வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட் என்ற சி ஃபங்ஷனுக்குத் தாவல். லினக்ஸிலும் ஹெட்_64.எஸ் என்ற அசெம்பிளி கோப்பு ஸ்டாக்கை வைத்த பிறகே சி ஃபங்ஷன்களை அழைக்கிறது.

வதந்திக்கு ஒரு வேர் உண்டு. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்களில், தொடக்க முகவரிகளைக் கொண்ட வெக்டர் அட்டவணையின் முதல் சொல்லை (வேர்ட்) ஹார்ட்வேரே எஸ்பியில் ஏற்றிவிடும். அங்கே தொடக்கக் கோடைச் சுத்தமாக சி-யில் எழுதலாம். ஆனால் அங்கும் ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பது அசெம்பிளிதான். சி ஃபங்ஷனுக்குள் இன்லைனாகச் செருகினாலும் அது அசெம்பிளியே.